வயது போனால் புத்தி போகுமா?

மூத்தோரின் மறதி, கோபம், தடுமாற்றம் பற்றித் தோட்டத்துக் குடும்பங்கள் அறிய வேண்டியவை



சம்பள நாளுக்கு மறுநாள் லயத்துப் பக்கம் போனால் நாங்கள் அடிக்கடி கேட்கிற சத்தம் ஒன்று உண்டு. தொங்கல் காம்பராவில் இருக்கும் பாட்டி இஸ்தோப்பில் நின்று சத்தம் போடுகிறார். "என் சுருக்குப் பையில இருந்த காசை மருமக எடுத்திட்டா. இந்த வீட்டில எனக்குச் சோறுகூடப் போடுறதில்ல." மருமகள் ஒரு மூலையில் நின்று அழுகிறார். காலையில் ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பாட்டிக்குத் தேத்தண்ணியும் ஊற்றி வைத்துவிட்டுத்தான் அவர் பிரட்டுக்குப் போயிருக்கிறார். தேடிப் பார்த்தால் சுருக்குப் பை அரிசி வாளிக்குள் கிடக்கிறது. அங்கே வைத்தவர் பாட்டியேதான். ஆனால் அவருக்கு அது ஞாபகம் இல்லை.

லயத்தில் உள்ளவர்கள் இதற்கு மூன்று காரணம் சொல்வார்கள். ஒருவர், "கிழவிக்குத் திமிர்" என்பார். மற்றவர், "யாரோ செய்வினை வச்சிருக்காங்க, கோடாங்கிகிட்ட கேளுங்க" என்பார். மூன்றாமவர், "வயசு போனா அப்படித்தான், விடுங்க" என்பார். மூன்றாவது பேச்சு நல்ல பேச்சு போலத் தோன்றும். ஆனால் ஆபத்தானதும் அதுதான். வயதோடு வருகிற மாற்றம் வேறு, வருத்தத்தால் வருகிற மாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், மருந்து கொடுத்தால் சுகமாகக்கூடிய பெரியவர்களும் மூலையில் முடங்கிப் போகிறார்கள். எனவே இந்த இதழில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பெரியவர்கள் பெருகி வருகிறார்கள்

2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் நூறு பேரில் 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அதன் பின் இந்தத் தொகை கூடிக்கொண்டே வருகிறது. முன்பு தோட்டங்களில் அறுபதைக் காண்பதே அரிதாக இருந்தது. இன்று பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, மடுல்சீமை, லுணுகலை எங்கு போனாலும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களைக் காண்கிறோம். இது சந்தோஷமான விடயம்.

ஆனால் வீட்டு நிலைமையும் மாறிவிட்டது. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கிறவர்களும் காலையில் மலைக்குப் போனால் மாலையில்தான் வருகிறார்கள். பகல் முழுவதும் காம்பராவில் பெரியவர் தனியாக இருக்கிறார், அல்லது பேரப்பிள்ளையோடு இருக்கிறார். அதனால்தான் அவருடைய மூளை எப்படி வேலை செய்கிறது என்பது முழுக் குடும்பத்துக்கும் முக்கியமான விடயமாகிறது.

வயதோடு இயல்பாக வருவது என்ன?

நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு மூளை சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. செய்தி ஓடுகிற நரம்புப் பாதைகளும் தேய்கின்றன. இதனால் முதலில் குறைவது வேகம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஆளின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வாய்க்கு வராது. ரேடியோ பாடும்போது ஒருவர் கணக்குக் கேட்டால் தடுமாறுவார். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது கஷ்டமாகும்.

ஆனால் எல்லாம் குறைவதில்லை. சொல்வளம், அனுபவ அறிவு, கை பழகிய தொழில் ஆகியவை நெடுநாள் நிற்கும். எழுபது வயதுப் பாட்டியிடம் ஒரு கூடைக் கொழுந்தைக் காட்டுங்கள். எது நல்ல கொழுந்து, எது முற்றிய இலை, எது வங்கி என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். கவ்வாத்து வெட்டிப் பழகிய தாத்தா கத்தி பிடிக்கும் விதத்தை மறப்பதில்லை. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. சுகமாக முதுமை அடைகிற பெரும்பாலானோர், இளவயதில் இருந்ததை விடக் கோபத்தை நன்றாகவே அடக்கிக் கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சண்டை தீர்க்கப் பெரியவர்களைக் கூப்பிடுகிற நம் வழக்கம் வீணாக வந்ததல்ல.

நூறு வருஷத்துத் தேயிலைச் செடியைப் பாருங்கள். இளம் செடி போல அது விரைந்து துளிர்க்காது. ஆனால் வேர் ஆழமாகப் போயிருக்கும். அதைப் பிடுங்கி எறிய யாரும் சொல்வதில்லை. வயதான மூளையும் அப்படித்தான்.

மூளைக்குள் ஒரு கங்காணி

இனி, தன்னடக்கம் என்ற விடயத்துக்கு வருவோம். நம் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் மனிதனின் கங்காணி என்று சொல்லலாம். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தீர்மானிப்பது அதுதான். கோபம் வரும்போது "பொறு" என்று தடுப்பதும் அதுதான். கங்காணி வராத நாளில் மலையில் வேலை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் இருப்பார்கள், கையும் காலும் இருக்கும், ஆனால் ஒழுங்கு இருக்காது.

இதை உலகம் அறிந்துகொண்டது ஒரு விபத்தின் மூலம். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் திகதி அமெரிக்காவில் ரயில் பாதை போடுவதற்காகப் பாறை வெடி வைத்துக் கொண்டிருந்தார்கள். அங்கே வேலையாட்களுக்குத் தலைவராக இருந்தவர் பினியஸ் கேஜ் என்ற 25 வயது இளைஞர். நமது பாஷையில் சொன்னால் அவரும் ஒரு கங்காணிதான். வெடிமருந்தை இடிக்கும்போது அது திடீரென்று வெடித்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி அவரது இடது கன்னத்தின் கீழே புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே பாய்ந்தது. ஆச்சரியம் என்னவென்றால் அவர் சாகவில்லை. பேசினார், நடந்தார். ஆனால் முன்பு பொறுப்பும் நிதானமும் உள்ளவராக இருந்தவர், பிறகு கெட்ட வார்த்தை பேசுபவராகவும் பொறுமை இல்லாதவராகவும் மாறினார். இவர் பழைய கேஜ் இல்லை என்று அவரைத் தெரிந்தவர்கள் சொன்னதாக அவரது டொக்டர் எழுதி வைத்தார். காலம் போகப் போக அவர் ஓரளவு தேறி, குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்து, 1860இல் காலமானார்.

குணம் என்பது மனசில் மட்டும் இல்லை, மூளையிலும் இருக்கிறது என்பதே இதில் நாம் படிக்கிற பாடம். கம்பி குத்தினால் மட்டும் இந்தப் பகுதி கெடுவதில்லை. பாரிசவாதம், நெடுநாள் குடி, தலையில் அடி, சில மறதி நோய்கள் ஆகியவற்றாலும் கெடலாம். ஆயுள் முழுவதும் தலைகுனிந்து நடந்த ஒரு தாத்தா திடீரென்று எல்லாரையும் ஏசுகிறார், கண்ட இடத்தில் உடுப்பைக் கழற்றுகிறார், கடையில் காசு கொடுக்காமல் சாமான் எடுக்கிறார் என்றால், "இத்தனை நாள் நடிச்சிருக்கார்" என்று சொல்லாதீர்கள். உள்ளே இருந்த கங்காணி நோயில் விழுந்துவிட்டார். அவ்வளவுதான்.

மறதி நோய் என்பது என்ன?

டிமென்சியா என்று டொக்டர்மார் சொல்வதை நாம் மறதி நோய் என்கிறோம். இதில் பல வகை உண்டு. அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனியைச் சேர்ந்த அல்சைமர் என்ற டொக்டர் 1906இல் இதை முதலில் விவரித்தார். 1901இல் அவர் பார்த்த நோயாளி ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருவர். அந்தப் பெண்ணிடம் முதலில் தெரிந்தது மறதிகூட அல்ல, புருஷன் மீது சந்தேகம். பிறகு சாமான்களை ஒளித்து வைக்கத் தொடங்கினார். அரிசி வாளிக்குள் சுருக்குப் பையை வைத்த நமது பாட்டியை இங்கே நினைத்துப் பாருங்கள். நாடும் பாஷையும் வேறு, வருத்தம் ஒன்றுதான்.

அடுத்த வகை, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது. பிரஷர், சீனி வியாதி, புகைத்தல் ஆகியவை இதற்குப் பெரிய காரணம். இது சில வேளை படிப்படியாக, ஒவ்வொரு சிறு பாரிசவாதத்தோடும் ஒரு படி இறங்கும்.

உலகத்தில் ஐந்தரைக் கோடிக்கும் அதிகமானோர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் றாகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில் இந்த நோய் இருந்தது தெரியவந்தது. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு இல்லை! எனவே "வயசு போனா புத்தி போகத்தான் செய்யும்" என்பது பிழையான பேச்சு.

இந்த நோயில் புதிய ஞாபகம் முதலில் போகும், பழைய ஞாபகம் நெடுநாள் நிற்கும். இன்று காலையில் சாப்பிட்டதை மறந்த பாட்டி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னார் கப்பலில் இந்தியாவுக்குப் போன அக்காவைப் பற்றி நேற்று நடந்தது போலச் சொல்வார். "அக்காவை ஸ்டேசன்ல விட்டுட்டு வரணும், பொட்டி எங்க?" என்று கிளம்பியும் விடுவார். அவருக்கு இப்போது நடப்பது 1970ஆம் ஆண்டு. "அக்கா செத்து இருபது வருஷம் ஆச்சு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால், அந்தச் சாவு அவருக்கு அன்றுதான் நடந்தது போலாகும். மறுநாளும் கேட்பார். மறுநாளும் அழுவார். அதைவிட, "அக்கா எப்படி இருப்பாங்க, என்ன சமைப்பாங்க?" என்று கேட்டுப் பேச்சை வளர்த்து, மெதுவாகக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சில இடங்களில் பெரியவர்களிடம் இன்று என்ன திகதி, ஜனாதிபதி யார், நூறில் ஏழைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாமல் பன்னிரண்டு வயதிலேயே கூடை கட்டிய ஒருவருக்கு இந்தக் கேள்வி நியாயமானதல்ல. அவர் அன்றும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். முன்பு செய்துகொண்டிருந்த வேலையை இப்போது செய்ய முடிகிறதா என்று பார்ப்பதே சரியான வழி. கிளினிக்குக்குப் போகும்போது டொக்டருக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

வயதின் மறதிக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

1. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்பது நோய்.

2. பக்கத்துத் தோட்டத்துச் சம்பந்தியின் பெயர் வர மறுப்பது வயது. கூடவே இருக்கும் மகளைப் பார்த்து "நீ யாரு?" என்பது நோய்.

3. பதுளை டவுனில் புதிய கடையைத் தேடித் தடுமாறுவது வயது. ஐம்பது வருஷம் குளித்த பீலிக்குப் போய்விட்டு லயத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் நிற்பது நோய்.

4. ரொட்டிக்கு உப்புப் போட ஒரு நாள் மறப்பது வயது. மாவு, தண்ணீர், உப்பு எதை முதலில் எடுப்பது என்றே தெரியாமல் நிற்பது நோய்.

5. கொடுத்த மிச்சக் காசை மெதுவாக எண்ணுவது வயது. ஆயிரம் ரூபாயையும் நூறு ரூபாயையும் பிரித்தறிய முடியாமல் போவது நோய்.

அன்றாட வேலைகள் போகிற வரிசையையும் கவனியுங்கள். முதலில் காசு விடயம், பஸ் பயணம், மருந்தை நேரத்துக்கு எடுப்பது போன்ற கஷ்டமான வேலைகள் தடுமாறும். பிறகு சமையல், துணி துவைத்தல். அதன் பிறகு குளிப்பது, உடுப்பது. கடைசியில்தான் மலசலகூடம் போவதும் சாப்பிடுவதும். இது பல வருஷங்களில் மெதுவாக நடப்பது. முதல் படியிலேயே கவனித்தால் செய்யக்கூடியவை நிறைய.

ஒரே இரவில் வந்தால் உடனே ஆஸ்பத்திரி

தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் வருவது. நேற்றுவரை நன்றாகப் பேசிய பெரியவர் இன்று திடீரென்று உளறுகிறார், ஆளைத் தெரியவில்லை, இல்லாத பூச்சியைப் பிடிக்கிறார், அல்லது தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் அது முதுமையும் அல்ல, பேயும் அல்ல. உடம்பில் எங்கோ அவசர வருத்தம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சலத்தில் கிருமி, நெஞ்சுச் சளி, தண்ணீர் குடிக்காமை, வயிற்றோட்டம், பல நாள் மலச்சிக்கல் எல்லாம் இப்படிக் காட்டும். வயதானவர்களுக்குச் சில வேளை காய்ச்சல்கூட இருக்காது, குழப்பம் மட்டுமே இருக்கும்.

சீனி வியாதிக்குக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கியும் இப்படி ஆகும். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

தடிமலுக்கும் அரிப்புக்கும் போடுகிற பிரிட்டன் குளிசை, தூக்கக் குளிசை ஆகியவையும் வயதானவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. பக்கத்துக் காம்பராவில் மிச்சம் இருந்த குளிசையை வாங்கிக் கொடுக்காதீர்கள். தினமும் குடிக்கிறவர் சுகமில்லாமல் படுத்து, இரண்டு மூன்று நாள் குடிக்காமல் இருந்து, கை நடுங்கி, இல்லாததைப் பார்க்கிறார் என்றால் அதுவும் உயிருக்கு ஆபத்தான நிலைமை.

இன்னொன்று, விழுதல். லயத்துப் படியிலோ கானிலோ விழுந்து தலையில் அடிபட்டவர் அன்று நன்றாகவே இருப்பார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, தூக்கம், தடுமாற்றம் வரலாம். மண்டைக்குள் இரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்ந்திருக்கக்கூடும். சத்திரசிகிச்சையால் சுகப்படுத்தக்கூடிய விடயம் இது. எனவே விழுந்த கதையை டொக்டருக்குச் சொல்ல மறக்க வேண்டாம்.

வாய் கோணல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் என்றால் பாரிசவாதம். எண்ணெய் தடவிக்கொண்டு இருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாதை கெட்ட தோட்டமாக இருந்தால் தோட்டத்து வாகனத்தைக் கேளுங்கள்.

மறதி போலத் தோன்றும், ஆனால் சுகமாகும்

நாங்கள் வீடு வீடாகப் போகும்போது, "ஒண்ணும் வெளங்காது, அவருக்குப் புத்தி மங்கிப் போச்சு" என்று காட்டப்பட்ட ஒரு தாத்தாவைக் கண்டோம். காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டோம். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து தன் கதை முழுவதையும் சொன்னார். அவருக்கு மறதி இல்லை, காது கேட்கவில்லை. அவ்வளவுதான். மூன்று வருஷமாக யாரும் அவரோடு சரியாகப் பேசவில்லை.

காது மந்தம், கண்ணில் படலம், தைரொயிட் குறைவு, இரத்தசோகை, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவை எல்லாம் மறதி நோய் போலத் தோன்றும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. கண் படலத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். வேலையை விட்டு நின்றபின், அல்லது துணை இறந்தபின், பேசாமல் சாப்பிடாமல் "நான் ஏன் இருக்கணும்" என்று சொல்கிறவரை அலட்சியம் செய்யாதீர்கள். மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். மருந்து, பூச்சிநாசினி எதையும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.

முதலில் தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் காட்டுங்கள். அவர் எழுதித் தரும் துண்டோடு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ பதுளை ஆஸ்பத்திரிக்கோ போகலாம். போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பெரியவரைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போவது மிக அவசியம்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மறதி நோயை முழுதாகச் சுகப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் நோயாளியும் வீட்டாரும் நிம்மதியாக வாழ வழி உண்டு.

வாதாடாதீர்கள். "நான் காசை எடுக்கல" என்று நூறு தரம் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். "வாங்க, ரெண்டு பேருமாத் தேடுவோம்" என்று சொல்லித் தேடுங்கள். கண்டெடுத்த பையை அவரே கண்டெடுத்தது போல விடுங்கள். மருமகளாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பழி உங்கள் மேல் வருவது நீங்கள் கெட்டவர் என்பதால் அல்ல. நீங்கள்தான் அவருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால் வருகிறது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். "எழும்பி முகம் கழுவி உடுப்பு மாத்திட்டு வாங்க" என்பது அவருக்கு நான்கு வேலை. எழும்பியபின் முகம் கழுவச் சொல்லுங்கள். சாப்பாடு, குளிப்பு, தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

செய்யக்கூடிய வேலையைப் பறிக்காதீர்கள். கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, கோழிக்குத் தீனி போடுவது, சாமிப் படத்துக்குப் பூ வைப்பது எதுவானாலும் சரி. பிழையாகச் செய்தாலும் பரவாயில்லை. சும்மா உட்கார வைத்தால் நோய் கூடும்.

நெருப்பில் கவனமாக இருங்கள். அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போனால் ஒரு காம்பரா மட்டும் எரியாது, லயமே எரியும். தனியாக இருக்கும் நேரத்தில் நெருப்புப் பெட்டி, குப்பி லாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் அவர் கைக்கு எட்டக்கூடாது. பகல் சாப்பாட்டைச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போங்கள்.

வெளியே போய்விடுகிறவராக இருந்தால் பக்கத்துக் காம்பராவாருக்கும் வோச்சருக்கும் கடைக்காரருக்கும் சொல்லி வையுங்கள். உவா மலைகளில் பனி இறங்கினால் பத்தடி தூரத்தில் ஆள் தெரியாது. கானும் சரிவும் நிறைய. சட்டைப் பையில் பெயர், தோட்டம், டிவிசன், டெலிபோன் இலக்கம் எழுதிய துண்டைத் தைத்து விடுங்கள். ஆனால் வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போக வேண்டாம். கட்டி வைக்கவும் வேண்டாம். நெருப்போ மண்சரிவோ வந்தால் அவர் எப்படி வெளியே வருவார்?

இதைச் சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடும். பல வீடுகளில் இதற்காகப் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துகிறார்கள். அது வேண்டாம். பாட்டிக்காகப் பேத்தியின் எதிர்காலத்தை அடகு வைப்பதைப் பாட்டி சுய புத்தியோடு இருந்தால் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார். ஒரு லயத்தில் இப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால், வேலை ஓய்ந்த ஒருவரை மாறி மாறிப் பார்க்கச் சொல்லலாம். எங்களிடம் வந்து சொல்லுங்கள், ஒழுங்கு செய்து பார்ப்போம். பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கும் வாரத்தில் அரை நாளாவது ஓய்வு வேண்டும். அதற்கு வீட்டு ஆண்கள் முன்வர வேண்டும்.

காசும் கையெழுத்தும்

ஆயுள் முழுவதும் உழைத்த பணம் ஒருவர் கைக்கு வருவது, அவருடைய கணக்குப் புத்தி தளரத் தொடங்குகிற வயதில்தான். ஈ.பி.எப். பணமும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி கிடைக்கும் சேவைக்காலப் பணமும் வந்த மாதத்தில் எங்கெங்கோ இருந்து சொந்தக்காரர்கள் முளைப்பார்கள். கடன் கேட்பார்கள். வெற்றுத் தாளில் பெருவிரல் அடையாளம் வாங்குவார்கள். தன்னடக்கமும் தீர்மானிக்கும் சக்தியும் குறைந்த பெரியவர் எல்லாருக்கும் "சரி" என்பார்.

ஆகவே புத்தி தெளிவாக இருக்கும்போதே சில காரியங்களை முடித்து வையுங்கள். ஈ.பி.எப். பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் சரியாக இருக்கிறதா, அடையாள அட்டையிலும் பத்திரத்திலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஆளுக்கு ஒரு பத்திரத்தில் தோட்டத்துப் பேர், இன்னொன்றில் வேறு பேர் என்று இருந்து அலைகிற கதை உங்களுக்குத் தெரியாததல்ல. வாசித்துக் காட்டாத எந்தத் தாளிலும் விரல் வைக்க வேண்டாம். அறுபது வயதான எவரும் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக்கூடாது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர், அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையில் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளை வழக்கில் இழுக்கச் சொல்வது எங்கள் நோக்கம் அல்ல. உரிமை இருக்கிறது என்று இரு பக்கமும் தெரிந்திருந்தால் அந்த நிலை வராது.

இன்றே தொடங்க வேண்டியது

மறதி நோயில் நூற்றுக்கு 45 வரை தடுக்கக்கூடியது, அல்லது தள்ளிப்போடக்கூடியது என்று உலக நிபுணர் குழு ஒன்று 2024இல் சொன்னது. அவர்கள் காட்டிய பதினான்கு காரணங்களில் நமக்குப் பொருந்துபவை நிறைய: படிப்பின்மை, பிரஷர், சீனி வியாதி, புகைத்தல், அளவு மீறிய குடி, தலையில் அடி, காது மந்தம், கண் பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, அசுத்தக் காற்று. இவை எழுபது வயதில் அல்ல, நாற்பதிலேயே கவனிக்க வேண்டியவை. வருஷத்துக்கு ஒரு தரமாவது பிரஷரும் சீனியும் பாருங்கள். பிரஷர் குளிசையைத் தலைவலி நின்றதும் நிறுத்தாதீர்கள். தேத்தண்ணிக்குச் சீனியையும், சோற்றுக்கு உப்பையும் கருவாட்டையும் குறையுங்கள். சம்பள நாள் தவறணைக் காசில் பாதியை மிச்சம் பிடியுங்கள். விறகுப் புகை வெளியே போக வழி வையுங்கள். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், அதுவும் அறுபது வருஷத்துக்குப் பிந்திய ஒரு மருந்துதான்.

ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினம். அன்று மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, படம் பிடிப்பது நல்லதுதான். ஆனால் மாலை காய்ந்த பிறகும் பெரியவர் அதே காம்பராவில்தான் இருப்பார். இன்று மாலை மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். இன்று என்ன சாப்பிட்டார், யார் வந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால் சந்தோஷம். வராவிட்டால் திட்டாமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

நமக்கு முன்னே இந்த மலையில் கூடை சுமந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மறந்து போகலாம், நாம் மறக்கக்கூடாது.